ஒரே கொட்டகை, ஒரே தீனி: ரெண்டு மாட்டுப் பால் ஏன் ரெண்டு மாதிரி இருக்கு?

பெகு கறவை
(ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகுவுக்கு வடக்கே ஏழு கறவை கட்டியிருக்கேன். அப்பா காலத்துல எங்க வீட்ல உழவு மாடுதான். பால்னா கன்னு குடிச்சது போக வீட்டு டீக்கு ஒரு செம்பு, அவ்வளவுதான். நான் பால் யாவாரத்துக்கு வந்து பத்து வருசம் ஆகுது. இன்னைக்கு மனசு பொறுக்காமத்தான் இதை எழுதுறேன்.

என்கிட்ட செவலைன்னு ஒரு மாடு. அவ அம்மா நம்ம பர்மா நாட்டு மாடு, அப்பன் எச்.எஃப். ஊசி, அதாவது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்கிற சீமை மாட்டுச் சினை ஊசி. இப்ப நாலாம் ஈத்து, ஈன்று அஞ்சு மாசம். ரெண்டு வேளையும் சேர்த்து ஒன்பதரை லிட்டர். போன வருசம் ரங்கூன் பக்கம் ஒரு பண்ணையில புள்ளிங்கிற கருப்பு வெள்ளை மாட்டைப் பிடிச்சிட்டு வந்தேன். மூணு தலைமுறையா எச்.எஃப். ஊசியே போட்டு வந்த வழி. ஈன்று ரெண்டு மாசம், பதினாலு லிட்டர் கறக்குறா. ரெண்டுக்கும் ஒரே கொட்டகை, ஒரே வைக்கோல், ஒரே தவிடு, ஒரே கடலைப் புண்ணாக்கு. தண்ணி காட்டுறதும் ஒரே தொட்டி.

புள்ளி பாலைச் சேர்த்து ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து டீக்கடைக்காரர் முகம் சரியில்லை. முந்தாநாள் வாய்விட்டே கேட்டுட்டார்: "காய்ச்சினா ஆடையே கட்டமாட்டேங்குது, தண்ணி கலக்குறியா?" பத்து வருசமா அந்தக் கடைக்கு ஊத்துறேன். ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு பாலையும் தனித்தனியாக் காய்ச்சிப் பார்த்தேன். செவலை பால்ல விரல்ல எடுக்குற மாதிரி ஆடை. புள்ளி பால்ல மேலே மெல்லிசா ஒரு சவ்வு, கரண்டி பட்டதும் கிழிஞ்சுபோச்சு.

தவிடையும் புண்ணாக்கையும் கூட்டிப் பார்த்தேன், மாத்தமில்லை. இது தீனிக் குறையா, வியாதியா, இல்லை பிறவியிலேயே அப்படியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


தட்டோன் தயிர்
(ஞாயிறு இரவு)

தம்பி, தண்ணி கலந்தியான்னு ஒருத்தர் கேட்டா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். நான் தயிர் போட்டு விக்கிறவ. ஆறு வீட்டுப் பால் வாங்குறேன், ஆறும் ஆறு விதம். ஒரு வீட்டுப் பால்ல தயிர் கத்தியால வெட்டுற மாதிரி உறையும். இன்னொரு வீட்டுப் பால்ல அதே உறை, அதே பானை, அதே இடம். மறுநாள் மேலே தண்ணி நிக்கும். அந்த வீட்டு அம்மா என் கண்ணு முன்னாலதான் கறந்து குடுக்கிறாங்க, ஏமாத்து இல்லை. மாட்டைப் பார்த்தா நல்லா வாட்டசாட்டமா இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனிச்சேன். கெட்டியா உறையுற பாலெல்லாம் குறைச்சலாக் கறக்குற மாடுங்க. இது எல்லா இடத்துலயும் அப்படித்தானான்னு எனக்கும் தெரியணும்.


மாந்தளைக் கொட்டகை
(திங்கள் காலை)

தம்பி, பிறவியா தீனியான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி நீ எந்தப் பாலைக் காய்ச்சிப் பார்த்தேன்னு சொல்லு. முதல் பாலா, கடைசிப் பாலா, மொத்தமும் கலந்ததா?

மடியில இருக்கிற பால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே மாதிரி இல்லை. காம்பைப் பிடிச்சதும் வர்ற முதல் பால்ல கொழுப்பு ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான் இருக்கும். கறந்து முடிக்கப் போற கடைசிப் பால்ல எட்டு, பத்து சதவீதம் வரைக்கும் போகும். கொழுப்புத் துளிகள் மடியோட மேல் அறையில ஒட்டிக்கிட்டு நின்னு, கடைசியாத்தான் இறங்கும். உன் செவலைக்கு நாட்டு ரத்தம் இருக்கு. கன்னு ஊட்டினாத்தான் சுரப்பு விடுவா. அதனால கன்னை முதல்ல ஊட்ட விட்டு, அப்புறம் கட்டிப்போட்டுக் கறப்பே. அப்ப முதல் பால் கன்னு வயித்துக்கு, கெட்டிப் பால் உன் செம்புக்கு. புள்ளிக்குக் கன்னு வேண்டாம், மடியைக் கழுவினாலே விடுவா. அவகிட்ட முதல் பால்ல இருந்து எல்லாம் செம்புக்கு வருது. கறக்கிற ஆள் அவசரத்துல கடைசிப் பாலை மடியிலேயே விட்டாலும் விட்டிருப்பான்.

இன்னொண்ணு. ஈன்று ரெண்டு மாசத்துல மாடு உச்சக் கறவையில இருக்கும், அப்பத்தான் கொழுப்புச் சதவீதம் அடியில கிடக்கும். மாசம் போகப் போக லிட்டர் இறங்கும், கொழுப்பு ஏறும். உன் செவலை அஞ்சாம் மாசம், புள்ளி ரெண்டாம் மாசம். இதை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுறது சரியில்லை.

முழுசாக் கறந்து, காலைப் பாலையும் மாலைப் பாலையும் அளவுப்படி கலந்து, அதுல கொழுப்பு பாரு. அடர்த்தியை வைச்சுப் பாலைப் பார்க்கிற லாக்டோமீட்டரை நம்பாதே. கொழுப்பு கூடினா பாலோட அடர்த்தி குறையும், அதனால நல்ல பாலையே அது தண்ணிப் பால்னு காட்டிடும். கொழுப்பையே நேரா அளக்கிற கெர்பர் டெஸ்ட் பண்ணு.


பெகு கறவை
(திங்கள் மதியம்)

ஐயா, நீங்க சொன்னது அப்படியே சரி. செவலைக்குக் கன்னு ஊட்டித்தான் கறக்குறேன். இதை நான் யோசிக்கவே இல்லை. கெர்பர் குழாய் வைச்சிருக்கிற ஒருத்தரைத் தெரியும், இந்த வாரமே போறேன். ஆனா ஒரு கேள்வி. முதல் பால், கடைசிப் பால், மாசக் கணக்கு எல்லாம் சரிபண்ணின பிறகும் வித்தியாசம் நின்னா?


யேசின் மாணவி
(திங்கள் இரவு)

அண்ணா, நான் யேசினில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அப்பா தட்டோன் பக்கம் மாடு வைத்திருந்தவர், அதனால் இந்தக் கேள்வி எனக்கும் வீட்டுக் கேள்விதான். நின்றால் அது பெரும்பாலும் பிறவி. எப்படி என்று சொல்கிறேன்.

மடியில் உள்ள சுரப்புச் செல்கள் பால் சர்க்கரையை, அதாவது லாக்டோஸை, உண்டாக்குகின்றன. அந்தச் சர்க்கரை தான் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு தண்ணீர். இதனால்தான் எந்த மாட்டுப் பாலை எடுத்தாலும் லாக்டோஸ் 4.6, 4.8 சதவீதம் என்று ஒரே இடத்தில் நிற்கிறது. சர்க்கரை அதிகம் செய்யும் மாடு லிட்டரைக் கூட்டுமே தவிர இனிப்பைக் கூட்டாது. கொழுப்பு அப்படி இல்லை. அது தண்ணீரை இழுக்காது. செல்லுக்குள் சின்னத் துளியாகச் சேர்ந்து, மெல்லிய உறை போர்த்திக்கொண்டு வெளியே வரும். ஆக லிட்டரை முடிவு செய்யும் வேலை ஒரு பக்கம், கொழுப்பை முடிவு செய்யும் வேலை இன்னொரு பக்கம். இரண்டையும் நடத்தும் மரபணுக்கள் பெரும்பாலும் வேறு வேறு. லிட்டருக்கு மட்டுமே காளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் தண்ணீர் ஏறுகிறது, கொழுப்பு அதே வேகத்தில் ஏறுவதில்லை. தட்டோன் அக்கா கண்டதும் இதைத்தான்.

இதில் ஒரு மரபணு தனியாகச் சொல்லவேண்டியது. மாட்டின் 14ஆம் குரோமோசோமில் டிஜிஏடி-1 என்று ஒன்று இருக்கிறது. மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தால்தான் ஒரு கொழுப்பு மூலக்கூறு முழுமையாகும். அந்த மூன்றாவதைக் கொண்டுபோய் ஒட்டும் நொதியை உண்டாக்குவது இந்த மரபணு. அந்த நொதியின் 232ஆம் இடத்தில் சில மாடுகளுக்கு லைசின் என்ற அமினோ அமிலம், சிலவற்றுக்கு அலனின். ஒரே ஓர் எழுத்துப் பிழை போன்ற வேறுபாடுதான். லைசின் வகை இருந்தால் கொழுப்புச் சதவீதம் நன்றாக ஏறும், லிட்டர் கொஞ்சம் இறங்கும். அலனின் வகை இருந்தால் லிட்டர் கூடும், பால் இளகும். 2002இல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு இதைக் கண்டுபிடித்தது. பால் போன்ற குணங்களை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடத்தும். ஒற்றை மரபணு இவ்வளவு பெரிய பங்கு வகிப்பது அபூர்வம்.

இப்போது செவலையைப் பாருங்கள். திமில் உள்ள நாட்டு மாடுகளில் ஏறக்குறைய எல்லாமே லைசின் வகை. ஜெர்சியிலும் அதுதான் அதிகம். எச்.எஃப். இனத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மாட்டுக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. செவலைக்குத் தாய் வழியில் லைசின் ஒன்று வந்திருக்கும் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். புள்ளியின் வழியில் மூன்று தலைமுறையாக எச்.எஃப். ஏறியதில் அந்த நாட்டுப் பிரதி நிற்கும் வாய்ப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிப் பாதியாகக் குறைந்திருக்கும். புள்ளியைச் சோதிக்காமல் அவளிடம் எது இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கண்ட ஆடைக்கும் சவ்வுக்கும் இது பொருந்துகிறது.

20ஆம் குரோமோசோமில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி மரபணு ஒன்றும் உண்டு. அதிலும் ஒரு வகை லிட்டரைக் கூட்டி, கொழுப்பையும் புரதத்தையும் சதவீதக் கணக்கில் குறைக்கிறது.


தட்டோன் தயிர்
(திங்கள் இரவு)

கண்ணு, நம்ம ஊர்ப் பிள்ளையா நீ! நல்லா இரு. தயிர் உறையுறது கொழுப்பாலயா? நான் கொழுப்பு எடுத்த பால்லயும் கெட்டியாத் தயிர் போட்டிருக்கேனே.


யேசின் மாணவி
(செவ்வாய் காலை)

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. ஆடை கொழுப்பின் வேலை, உறைதல் புரதத்தின் வேலை. பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அதை உண்டாக்கும் நான்கு மரபணுக்களும் 6ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி நெருங்கி இருக்கின்றன. அவற்றில் கப்பா கேசினில் ஏ, பி என்று இரண்டு வகை அதிகம் காணப்படும். பி வகை மாட்டுப் பால் பாலாடைக்கட்டி செய்யும்போது சீக்கிரம் திரிந்து, கெட்டியாக நிற்கும். ஜெர்சியில் பி வகை நிறைய. நம் தயிர் புளிப்பால் உறைவது, பாலாடைக்கட்டி உறைவது வேறு முறை, அதனால் அந்தப் பலன் அப்படியே தயிருக்கும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். தயிருக்கு மொத்தப் புரதம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. எச்.எஃப். பாலில் புரதம் 3.1, 3.2 சதவீதம் என்றால் ஜெர்சியில் 3.7 பக்கம் வரும். உங்கள் கத்தி வெட்டும் தயிருக்கு அந்த அரைச் சதவீதம் போதும்.


ரங்கூன் சாயாக்கடை
(செவ்வாய் காலை)

நான் பால் வாங்குற பக்கத்துல இருந்து பேசுறேன். பெகு அண்ணன் மேல அந்தக் கடைக்காரர் சந்தேகப்பட்டது தப்புதான், ஆனா எங்க கஷ்டமும் இருக்கு. வாடிக்கைக்காரங்க கண்ணால பார்த்துத்தான் சொல்லுவாங்க. மஞ்சளா இருந்தா கெட்டி, வெள்ளையா இருந்தா தண்ணி. மஞ்சள் நிறம் கொழுப்புக்கு அடையாளம்தானே?


மாந்தளைக் கொட்டகை
(செவ்வாய் மதியம்)

இல்லை தம்பி. மஞ்சள், பச்சைப் புல்லுல இருக்கிற கரோட்டின் தர்றது. பசும்புல் தின்னா மஞ்சள், வைக்கோல் தின்னா வெளுப்பு. எருமைப் பாலைப் பாரு, கொழுப்பு ஏழு சதவீதம், நிறமோ சுண்ணாம்பு வெள்ளை. எருமை கரோட்டினை வைட்டமினா மாத்திடும், பாலுக்கு விடாது.

பெகு தம்பிக்கு ஒரு வார்த்தை. கெட்டியாகணும்னு தவிட்டைக் கூட்டினதாச் சொன்னே. அதை உடனே நிறுத்து. அரிசித் தவிட்டுல எண்ணெய் அதிகம். அளவுக்கு மேல போட்டா வயித்துல நார் செரிக்கிறது கெட்டு, கொழுப்பு இன்னும் இறங்கும். கொழுப்புக்கு வேணும்கிறது நார். வைக்கோலைக் குறைக்காதே, பச்சைச் சோளத்தட்டை கிடைச்சா போடு. தீனியால கொழுப்பை அரைச் சதவீதம் ஏத்தலாம், இறக்கலாம். அதுக்கு மேல மாடு எதுக்குப் பிறந்ததோ அதைத்தான் தரும்.


மோல்மேன் நாட்டுமாடு
(செவ்வாய் இரவு)

எல்லாரும் கொழுப்பையே பேசுறீங்க. நாட்டு மாட்டுப் பால் ஏ2 பால். சீமை மாட்டுப் பால் ஏ1, அது சர்க்கரை வியாதிக்கும் இருதய வியாதிக்கும் காரணம்னு ஊரே பேசுது. என் பாட்டி நாட்டு மாட்டுப் பாலைக் குடிச்சு 90 வயசுக்கு மேல இருந்தாங்க. எங்க வீட்ல கோயில் பால்குடத்துக்கு இன்னைக்கும் நாட்டு மாட்டுப் பால்தான். கலப்பு மாடே வேண்டாம், எல்லாரும் திரும்ப நாட்டு மாட்டுக்கே வாங்கன்னு சொல்றேன்.


யேசின் மாணவி
(செவ்வாய் இரவு)

அண்ணா, நாட்டு மாட்டின் மேல் உங்களுக்கு உள்ள பிரியம் எனக்கும் உண்டு. அதனாலேயே இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பீட்டா கேசின் என்ற புரதம் 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 67ஆம் கண்ணியில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஏ1 செரிக்கும்போது அந்த இடத்தில் சங்கிலி அறுந்து, பிசிஎம்-7 என்ற சின்னத் துண்டு வரலாம். அந்தத் துண்டுதான் வியாதிக்குக் காரணம் என்ற பேச்சு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்து, பிசிஎம்-7க்கும் நீங்கள் சொன்ன மாதிரி நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிக்கை தந்தது. ஏ2 பால் வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்று சில சிறிய சோதனைகள் சொல்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பால் சர்க்கரை செரிக்காதவருக்கு ஏ2வும் செரிக்காது, லாக்டோஸ் இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொன்று, ஏ2 என்பது நாட்டு மாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2 என்பது உண்மை, எச்.எஃப்., ஜெர்சியிலும் ஏ2 நிறைய உண்டு. இரண்டு பிரதியும் ஏ2 உள்ள காளையாகப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டே வந்தால் சில தலைமுறைகளில் கலப்பு மந்தையும் பெரும்பாலும் ஏ2 ஆகிவிடும். ஆடை கட்டுவதற்கும் ஏ2வுக்கும் சம்பந்தம் இல்லை.


மோல்மேன் நாட்டுமாடு
(புதன் காலை)

தங்கச்சி சொன்னதைப் படிச்சேன். வியாதி விசயத்தை இனி நான் கடையில சொல்லி விக்கமாட்டேன். ஆனா வெயிலைத் தாங்குறது, உண்ணியைத் தாங்குறது, வைக்கோலைத் தின்னுட்டு உயிரோட நிக்கிறது, இதையெல்லாம் விட்டுத்தர மாட்டேன். சித்திரை வெயில்ல, தண்ணித் திருவிழா சமயத்துல, எச்.எஃப். மாடு நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.


சிரியம் பண்ணை
(புதன் மதியம்)

இருபது மாடு வைச்சிருக்கேன், எல்லாம் முக்கால் எச்.எஃப்.புக்கு மேல. நான் சொல்றது சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன். எனக்குப் பணம் குடுக்கிறவங்க லிட்டர் கணக்குலதான் குடுக்கிறாங்க. அஞ்சு சதவீதம் கொழுப்புள்ள லிட்டருக்கு ஒரு சாட் காசு அதிகமாத் தரமாட்டாங்க. பதினாலு லிட்டர் மாட்டை விட்டுட்டு ஒன்பது லிட்டர் மாட்டை நான் ஏன் கட்டணும்? மின்விசிறி வைச்சிருக்கேன், ரெண்டு தடவை மேல தண்ணி அடிக்கிறேன், மாடு நல்லாத்தான் இருக்கு. கொழுப்புக்கு விலை வரட்டும், அன்னைக்கே காளையை மாத்துறேன்.


மாந்தளைக் கொட்டகை
(புதன் இரவு)

சிரியம் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. வீடு வீடா லிட்டர்ல ஊத்துறவனுக்கு லிட்டர்தான் காசு. மின்விசிறிக்குக் கரண்ட் இருக்கிற இடத்துல முக்கால் ரத்தம் நிக்கும். கரண்ட் இல்லாத கொட்டகையைப் பத்தித்தான் நான் பேசுறேன்.

ஆனா உச்சக் கறவையை வைச்சு மாட்டை எடை போடாதே. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாடு 305 நாளைக்குச் சராசரி பத்து லிட்டர், மொத்தம் 3050 லிட்டர். ஆனா அது அடுத்த கன்னு போட 540 நாள் எடுத்துக்குது. இன்னொண்ணு சராசரி எட்டு லிட்டர், மொத்தம் 2440, ஆனா 400 நாள்ல அடுத்த கன்னு. நாள் கணக்குல வகுத்துப் பாரு. முதல் மாடு ஒரு நாளைக்கு 5.6 லிட்டர், ரெண்டாவது 6.1. வெயில்ல சினை நிக்காம மூணு ஊசி, நாலு ஊசின்னு ஓடுற மாட்டுக்கு இந்தக் கணக்கை எல்லாரும் போட்டுப் பார்க்கணும். பாலும் சினையும் மரபிலேயே ஒண்ணை ஒண்ணு பின்னுக்கு இழுக்கிற குணம். லிட்டருக்குன்னே இனம் வளர்த்தா சினை பிந்தும்.

நான் 30 வருசமாக் கண்டது, கரண்ட் இல்லாத கொட்டகைக்குப் பாதி ரத்தத்துக்கும் முக்கால் ரத்தத்துக்கும் நடுவுல நிறுத்துறது நல்லது. நாட்டு மாடு, எச்.எஃப். காளை, பிறக்கிறது 50. அதுக்கு மறுபடி எச்.எஃப். போட்டா 75. இன்னொரு தடவை போட்டா 87.5. இப்படியே ஏத்திக்கிட்டே போறதுதான் நம்ம ஊர்ல நடக்குது. ஊசி போட வர்றவர் பெட்டியில என்ன இருக்கோ அதுதான் காளை. 75 மாட்டுக்கு 50 உள்ள காளையைப் போட்டா 62.5 வரும். பிரேசில்ல கிர் மாட்டையும் எச்.எஃப்.பையும் சேர்த்து இப்படித்தான் எட்டுல அஞ்சு பங்கு எச்.எஃப்., மூணு பங்கு கிர்னு ஜிரோலாண்டோ இனத்தை நிலைநிறுத்தினாங்க. அங்கயும் வெயில், அங்கயும் உண்ணி.

முதல் கலப்புக்கு ஒரு தனி வேகம் உண்டு. அப்பன் அம்மா ரெண்டு பேரோட சராசரியையும் தாண்டி நிக்கும். செவலைக்கு அது இருக்கு. அந்த வேகம் அப்படியே மகளுக்குப் போகாது. அதனால செவலை மகளும் செவலை மாதிரியே இருப்பான்னு எண்ணிடாதே.


பெகு கறவை
(சனி இரவு)

டெஸ்ட் பண்ணிட்டு வந்துட்டேன். நடந்ததை முழுசா எழுதுறேன்.

ரெண்டு மாட்டையும் காம்பு வத்துற வரைக்கும் நானே கறந்தேன். செவலை கன்னுக்கு அன்னைக்கு மட்டும் மூக்குக் காட்டிட்டு உடனே இழுத்துக் கட்டினேன். அது கத்தினது இன்னும் காதுல இருக்கு; டெஸ்ட் முடிஞ்சதும் அதுக்குத் தனியா அரை செம்பு ஊட்டினேன். காலைப் பாலையும் மாலைப் பாலையும் அளவுப்படி கலந்து ரெண்டு சீசாவுல கொண்டுபோனேன்.

கெர்பர் குழாய்ல முதல்ல கந்தக அமிலம் 10 மில்லி. அது மேல பாலை 10.75 மில்லி, சுவரோரமா மெல்ல, அமிலத்துல கலக்காம. அப்புறம் ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடியை அழுத்தி, துணியைச் சுத்திக் குலுக்கினா குழாய் கையைச் சுடுது, பால் கரிஞ்சு கருஞ்சிவப்பாகுது. சுத்துற மிஷின்ல அஞ்சு நிமிசம், பிறகு 65 டிகிரி தண்ணியில நிறுத்தினாங்க. எடுத்து வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சா கறுப்புக்கு மேல தேன் நிறத்துல ஒரு கோல் நிக்குது. அதுதான் கொழுப்பு. புள்ளி குழாய்ல 3.4. செவலை குழாய்ல 5.1.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒரு லிட்டர் பால் 1.03 கிலோன்னு வைச்சு, புள்ளி பதினாலு லிட்டர்ல ஒரு நாளைக்கு 490 கிராம் கொழுப்பு. செவலை ஒன்பதரை லிட்டர்ல 499 கிராம். என்னால நம்ப முடியலை, மூணு தடவை போட்டுப் பார்த்தேன். புள்ளி தின்கிற தீனி செவலையை விட ஒன்றரை மடங்கு. இத்தனை நாளா நான் தண்ணியைச் சுமந்துகிட்டுப் போய் வித்திருக்கேன்.

அந்த ரெண்டு குழாயையும் கைபேசியில படம் எடுத்து டீக்கடைக்காரர்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது"ன்னார்.

இப்ப என் கேள்வி, செவலை குணத்தை மந்தையில எப்படிப் பரப்புறது? அவ மகளுக்கு இது எவ்வளவு வரும்?


யேசின் மாணவி
(ஞாயிறு காலை)

அண்ணா, நீங்கள் எழுதியதை வகுப்புத் தோழிகளுக்கும் படித்துக் காட்டினேன்.

எல்லாக் குணமும் ஒரே அளவில் மகளுக்குப் போகாது. மாட்டுக்கு மாடு லிட்டரில் தெரியும் வேறுபாட்டில் சுமார் 30 சதவீதம்தான் மரபு. மிச்சம் தீனி, வெயில், கறப்பவர் கை. கொழுப்புச் சதவீதத்திலோ பாதி மரபு. ஒரு மாடு மற்றவற்றைவிட வருடத்துக்கு 1000 லிட்டர் கூடக் கறந்தால், அதில் மரபுப் பங்கு 300. தாய் பாதிதான் தருகிறாள், ஆக மகளுக்கு எதிர்பார்க்கலாம் 150. கொழுப்பில் ஒரு சதவீதம் மேலே நின்றால் மகளுக்குக் கால் சதவீதம். லிட்டரை விடக் கொழுப்பு மரபில் நன்றாகப் பிடிபடும், அது உங்களுக்குச் சாதகம். செவலை முதல் கலப்பு என்பதால் இந்தக் கணக்கை அவளுக்கு அப்படியே போடமுடியாது, ஒரு திசை காட்டத்தான் சொல்கிறேன்.

மறுபாதி காளையிடம் இருக்கிறது, காளை ஒன்றே உங்கள் மந்தை முழுவதுக்கும் தகப்பனாகும். அதனால் காளையை லிட்டருக்கு மட்டும் பார்க்காமல், மகள்களின் கொழுப்பு எத்தனை கிலோ, புரதம் எத்தனை கிலோ, சினை எப்படி நிற்கிறது என்று கேளுங்கள்.

ஒரே காளையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1962இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற எச்.எஃப். காளை. அவனுக்கு 16,000 மகள்கள், ஐந்து லட்சம் பேத்திகள். அந்நாட்டு எச்.எஃப். இனத்தின் மரபில் ஏறக்குறைய 14 சதவீதம் அவன் வழி வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பால் ஏறியது. அதே நேரத்தில் அவன் உடலில் மறைந்திருந்த ஒரு குறையும் ஊர் ஊராகப் போனது. ஏபிஏஎஃப்-1 என்ற மரபணுவில் ஒரு பிழை. ஒரு பிரதி இருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்பன் வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழியும். உலகம் முழுக்க ஐந்து லட்சம் கரு கலைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கலைந்ததற்குக் காரணம் தெரியாமல் எத்தனை பேர் தீனியையும் தங்களையும் குறை சொல்லியிருப்பார்கள்! எனக்கு இதைப் படித்தபோது அதுதான் தோன்றியது.

ஆகவே ஊசி போடும்போது விந்துக் குழலின் மேல் அச்சடித்திருக்கும் காளை எண்ணை எழுதி வையுங்கள். தகப்பன் எண்ணே மகளுக்கும் விழாமல் பார்க்க அந்த ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 2009 முதல் அமெரிக்காவில் கன்றின் மரபணுவை 50,000 இடங்களில் படித்துப் பார்த்து, கறக்கும் முன்னாலேயே தரம் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் அங்குள்ள தூய இன மாடுகளை வைத்துப் போட்டது. நம் கலப்பு மாட்டுக்கு அது அப்படியே செல்லாது. இங்கே நோட்டும் கெர்பர் குழாயும்தான் நமக்கு வழி.


தட்டோன் தயிர்
(ஞாயிறு மதியம்)

தம்பி, செவலை பாலைத் தனியாத் தந்தா வீசைக்குக் கூட விலை தந்து வாங்க நான் தயார். தட்டோன் வரைக்கும் கெடாம வந்து சேருமான்னுதான் யோசனை. நெய்யாக் காய்ச்சி அனுப்பேன், அது கெடாது.


பெகு கறவை
(மூணு மாசம் கழிச்சு)

நிறையப் பேர் என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தீங்க. மாந்தளை ஐயா சொன்ன மாதிரி புள்ளி அஞ்சாம் மாசம் வர்ற வரைக்கும் காத்திருந்து மறுபடி டெஸ்ட் பண்ணினேன். தவிட்டைக் குறைச்சு, சோளத்தட்டை போட்ட பிறகு எடுத்தது. லிட்டர் பதினொண்ணுக்கு இறங்கியிருக்கு, கொழுப்பு 3.7க்கு ஏறியிருக்கு. நாளுக்கு 419 கிராம். செவலை அதே அஞ்சாம் மாசத்துல 499 குடுத்தவ. தீனியும் மாசமும் சரிபண்ணின பிறகும் வித்தியாசம் நிக்குது.

செவலை ரெண்டாவது ஊசியில சினை பிடிச்சிட்டா. புள்ளிக்கு மூணு ஊசி போயும் நிக்கலை.

சிரியம் அண்ணன் சொன்னதையும் யோசிச்சேன். புள்ளியை விக்கலை. அவ பாலை வீடுகளுக்கு லிட்டர்ல ஊத்துறேன், செவலையும் இன்னும் ரெண்டு பாதி ரத்த மாடும் கறக்குறது டீக்கடைக்கும், தட்டோன் அக்காவுக்கு நெய்யாகவும் போகுது. பாதி ரத்தக் காளை ஊசி எங்கயும் கிடைக்கலை. புள்ளிக்கு ஜெர்சி போட்டுப் பார்க்கலாம்னு தங்கச்சி தனியா எழுதியிருந்தாங்க, கொழுப்பும் புரதமும் ரெண்டும் ஏறும், மாடும் சின்னதா இருக்கும், தீனி குறையும்னு. ஊசிக்காரர்கிட்ட ஒரு மாசமாச் சொல்லி வைச்சு, நேத்து காலையில புள்ளி பருவத்துக்கு வந்தப்ப கொண்டுவந்தார். குழலை நைட்ரஜன் தொட்டியில இருந்து எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில முக்கும்போது நானே வாங்கி, அதுல இருந்த எண்ணை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சு நோட்டுல எழுதிக்கிட்டேன். பத்து வருசத்துல இப்பத்தான் ஒரு காளையோட எண்ணைக் கேட்டு எழுதுறேன்.

21 நாள்ல திரும்பப் பருவத்துக்கு வர்றாளா பார்க்கணும். வரலைன்னா இங்க எழுதுறேன்.